தகப்பன் பெயர் இல்லாத செய்தி

மாலைப் பத்திரிகையில் முதலில் தயாராவது போஸ்டர். செய்தி அதற்குப் பிறகுதான். வெளியில் இருப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். நாங்கள் காலையில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, சென்னையில் செய்தி டெஸ்கில் இருப்பவர்கள் அன்றைய போஸ்டருக்கான ஐந்தாறு சொற்களை முடிவு செய்திருப்பார்கள். அந்தச் சொற்களுக்குக் கீழே வைக்க ஒரு செய்தியைக் கொண்டுவருவது நிருபரின் வேலை. பெரும்பாலான நாட்களில் இரண்டும் பொருந்திவிடும். பொருந்தாத நாட்களும் உண்டு.

இப்போது எங்கள் பத்திரிகை போஸ்டர் அடிப்பதை நிறுத்திவிட்டது. ஒரகடம் கூட்டுரோட்டில் கடைகளின் முன்னால் போஸ்டர் மாட்டும் கம்பிச் சட்டங்கள் மட்டும் மிச்சமிருக்கின்றன. ஒன்றில் சிப்ஸ் பாக்கெட் சரம் தொங்குகிறது. இனி எல்லாம் செல்போனில் வருகிற வண்ண அட்டைதான். அதுவே போஸ்டர், அதுவே செய்தி. அந்த அட்டைகளைத் தயாரிக்கும் இளைய நிருபர்கள், தங்கள் சங்க மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். “நீங்க இருந்தப்போ ஒரு நியூஸ எப்படி செக் பண்ணுவீங்க, அத எழுதுங்க சார்” என்றார்கள். எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்க்கும் கட்டுரையாக இது இருக்குமா என்று தெரியவில்லை. ஓய்வு வயதுக்கு முன்பே விலகிக்கொண்டவன் நான். தினமும் டைரி எழுதும் பழக்கம் இருப்பதால், பேச்சுகளை முடிந்தவரை அன்று காதில் விழுந்தபடியே தருகிறேன்.

நான் படப்பைக்காரன். படிப்பு முடிந்து சில காலம் ஒரு சீட்டுக் கம்பெனியில் இருந்துவிட்டு, பகுதி நிருபராகச் சேர்ந்தேன். படப்பையில் தொடங்கி ஒரகடம், மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர் வரை என் எல்லை. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் ஒரு அடையாள அட்டையும் கொடுத்தார்கள். காலையில் முதலில் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனால் டீ கிடைக்கும், செய்தி கிடைக்காது. கேஸ் எழுதும் ரைட்டரைப் பார்க்க வேண்டும். அதுவும் அவர் பேனாவை மூடிவைத்த பிறகு. அடுத்தது அரசு மருத்துவமனைப் பிணவறை வாசல். அங்கே நிற்பவர்களிடம் நாம் பேசக் கூடாது, அவர்களாகப் பேசும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு தீயணைப்பு நிலையம். அங்கிருந்து டெஸ்குக்குப் போன். இதுதான் நடைமுறை. கம்பெனிகள் வந்தன, ரோடு நான்கு வழியானது, வயல்கள் பிளாட் ஆயின. நடைமுறை மாறவில்லை.

போனை எடுப்பவர் செய்தி ஆசிரியர் வேதமூர்த்தி சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் சொல்வதை ஒரு முறை நமக்கே திருப்பிச் சொல்வார். மெதுவாக, எந்த உணர்ச்சியும் இல்லாமல். எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ அந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். நான் சேர்ந்த புதிதில் வண்டலூர் ரோட்டில் ஒரு லாரி விபத்து. இறந்தவன் பெயர் ராஜா, படப்பையைச் சேர்ந்தவன் என்று சொன்னேன். “ராஜா” என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

“தகப்பன் பேரு?”

“தெரியல சார்.”

“படப்பைல ராஜான்னு எத்தனை பேரு இருப்பான் தம்பி? அத்தனை பேரு வீட்லயும் இன்னைக்கு சாயங்காலம் அழணுமா?”

பிணவறை வாசலுக்குத் திரும்பிப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து பெயர், வயது, தகப்பன் பெயர், கதவு எண், இந்த நான்கும் இல்லாமல் நான் போன் செய்ததில்லை. ஒரு ஆளை ஊரில் உள்ள மற்ற ஆட்களிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்கு இந்த நான்கும் போதும், இதில் ஒன்று குறைந்தாலும் போதாது என்பார். இதைச் சொன்ன மனிதரைத்தான் பிற்பாடு நான் பயந்துகொண்டே போனில் கூப்பிட வேண்டியிருந்தது.

இந்தக் கண்டிப்பு எப்போது மாறியது என்று ஒரு நாளைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. முதல் கம்பெனிகள் வந்தபோது தெற்கே இருந்து பையன்கள் வந்து அறை எடுத்துத் தங்கினார்கள். ஒரு செயின் பறிப்பு நடந்தால், ஆள் பிடிபடுவதற்கு முன்பே “தென்மாவட்ட வாலிபர்” என்று எழுதுவோம். பிடிபட்ட பிறகு நான்கு விவரமும் வரும். பெரும்பாலும் ஆள் இந்தப் பக்கத்துக்காரனாகவே இருப்பான். பிறகு வடக்கே இருந்து வந்தார்கள். “வடமாநில வாலிபர்” என்று எழுதத் தொடங்கினோம். இந்த முறை ஆள் பிடிபட்ட பிறகும் அந்த இரண்டு சொற்களோடு நின்றுவிட்டது. நான் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் கொடுப்பேன், அச்சில் வராது. கேட்டதற்கு, “வாயில நுழையாத பேரு தம்பி. படிக்கிறவனுக்கு எதுக்கு?” என்றார் வேதமூர்த்தி சார்.

ஒரு தேர்தல் சமயத்தில் ஒரகடத்தில் ஒரு கூட்டம். வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் வடமாநிலத்தவர் செய்த குற்றங்கள் என்று ஒரு பெரிய எண்ணிக்கையைச் சொன்னார். மறுநாள் காலை ரைட்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அத்தினி கேஸு எழுதியிருந்தா என் கை இருக்குமா சார்?” என்றார். இதையும் சேர்த்து டெஸ்குக்குச் சொன்னேன். வேதமூர்த்தி சார் திருப்பிச் சொன்னார், ரைட்டரின் பதிலுக்கு முன்பாகவே முடித்துக்கொண்டார். “அவர் அப்படிச் சொன்னாருங்கறது உண்மைதான தம்பி. அத மட்டும் போட்டுக்கலாம்.” யார் சொன்னது என்பது அதுவரை எங்களுக்கு ஒரு கேள்வியாக இருந்தது. அதற்குப் பிறகு அதுவே விடை ஆகிவிட்டது. யாராவது சொல்லியிருந்தால் போதும்.

எதிர்த் திசையிலும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. அது எனக்குச் சுக்ராம் மூலம் தெரியவந்தது.

சுக்ராம் ஜார்க்கண்டைச் சேர்ந்தவன். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் வெல்டர். எங்கள் தெருவுக்குப் பின்னால் கோமதியக்காவின் லைன் வீட்டில் குடியிருந்தான். நடுவில் ஒரு குறுகிய சந்து, இரண்டு பக்கமும் ஒற்றை அறைகள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அவன் மனைவிக்கு மண்ணூரில் பேக்கிங் வேலை. இரண்டு பேருக்கும் ஷிப்ட். அதனால் அவர்கள் பெண் பிங்கி கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து கோமதியக்கா வீட்டில்தான் வளர்ந்தாள். சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் அங்கேதான். அப்பன் பேசும் பாஷை அவளுக்குப் புரியும், பதில் வருவது படப்பைத் தமிழில். என்னைப் பேப்பர் மாமா என்பாள். “பேப்பர் மாமா, இன்னிக்கு யாரு செத்தாங்க?” என்று கேட்பாள். நான் வீட்டுக்கு வந்து போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம்.

ஒருநாள் சுக்ராம் என்னிடம் தன் போனைக் காட்டினான். ஊரிலிருந்து அவன் அம்மா அனுப்பிய வீடியோ. ஏதோ ஒரு தெருவில் நான்கு பேர் ஒருவனை அடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்திக்காரர்களை வெட்டுகிறார்கள், உடனே கிளம்பி வா என்று அவள் அழுதிருக்கிறாள். அந்தத் தெருவின் கடைப் பலகைகளில் இருந்த எழுத்து தமிழ் இல்லை. “இது இங்க இல்ல” என்றேன். “தெரியும் சார்” என்றான். போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, “அம்மாக்கு எழுத்துத் தெரியாது சார்” என்றான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். எங்கள் பகுதியில் கம்பெனிகளில் பூஜையை அன்றே போட்டுவிடுவார்கள். வாசலில் வாழைமரம், மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம், எல்லோருக்கும் பொரியும் இனிப்பும். அன்று மட்டும் குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி உண்டு. சுக்ராம் பிங்கியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். திரும்பும்போது ஒரகடம் கூட்டுரோட்டில், ஷேர் ஆட்டோவைப் பிடிக்க அவன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். அவள் கையில் இருந்த பொரிப் பை ரோட்டில் விழுந்திருக்கிறது. அவள் திமிறியிருக்கிறாள், அவன் முதுகில் குத்தியிருக்கிறாள். “வுடு, நான் வர மாட்டேன், வுடு” என்று கத்தியிருக்கிறாள். எதிரே டீக்கடையில் இருந்த யாரோ படம் பிடித்தார்கள். பொரி விழுந்ததற்குப் பிறகுதான் அந்த வீடியோ தொடங்குகிறது. இந்தி பேசும் ஒருவன், தமிழில் கத்தும் ஒரு குழந்தை. பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. தன் பெண் என்றால் அவன் பாஷையில்தானே அழுவாள்?

டெஸ்கில் இருந்து வழக்கமாக என்னைக் கேட்பார்கள். அன்று கேட்கவில்லை. வீடியோவை யாரோ நேராக டெஸ்குக்கே அனுப்பிவிட்டார்கள். ஏஜென்ட்டுகளின் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருந்தேன். அதில் அன்றைய போஸ்டரின் படம் வந்தது: “ஒரகடத்தில் குழந்தை கடத்தல் பீதி. வடமாநில ஆசாமி சிக்குவானா?” கீழே வீடியோவிலிருந்து எடுத்த படம். சுக்ராமின் தோளுக்கு மேல் பிங்கியின் முகம், வாய் திறந்தபடி. பூஜைக்காக வாங்கிய மஞ்சள் கவுன்.

நான் ஸ்ரீபெரும்புதூர் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வண்டியின் மேல் உட்கார்ந்தேன். மறுநாள் ஆயுத பூஜை, பத்திரிகைக்கு விடுமுறை. அதற்கு அடுத்த நாள் வரை வேறு போஸ்டர் வராது. கம்பெனிகள் மூடியிருக்கும், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், கடைக்குக் கடை இந்தப் படம் தொங்கிக்கொண்டிருக்கும்.

வேதமூர்த்தி சாரைக் கூப்பிட்டேன்.

“சார், அது அவன் சொந்தப் பொண்ணு. பேரு பிங்கி, வயசு நாலு, தகப்பன் பேரு சுக்ராம். என் வீட்டுக்குப் பின்னாடி இருக்காங்க.”

அவர் திருப்பிச் சொன்னார். பிங்கி. நான்கு. சுக்ராம். எங்கும் நிறுத்தவில்லை. ஓட்டை இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“சரி தம்பி. மறுப்பு போட்டுடலாம். லீவு முடிஞ்சதும் முதல் இஷ்யூலயே.”

“போஸ்டர நிறுத்தணும் சார். அது பொய்.”

“எது பொய்? கடத்தினான்னு நாம எழுதல. பீதின்னுதான் எழுதியிருக்கோம். ஜனங்க பயந்து போயிருக்காங்களா இல்லையா?”

“இப்போ பயப்படுவாங்க சார்.”

“அப்போ அது உண்மைதான தம்பி.”

வழக்கமான அதே குரல். கோபமோ அவசரமோ இல்லை. போஸ்டர் ஏற்றிய வண்டி கிளம்பிவிட்டது என்றார். பத்திரமாக இருங்கள் என்றும் சொன்னார், அதை அவர் மனதாரச் சொன்னார் என்றே இன்றும் நினைக்கிறேன். மிரட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

ஸ்டேஷனுக்குள் போய் ஏட்டிடம் சொன்னேன். அவருக்கும் வீடியோ வந்திருந்தது. எல்லோரும் பூஜைப் பந்தோபஸ்தில் இருக்கிறார்கள், படப்பைக்கு ஆள் அனுப்பச் சொல்கிறேன் என்றார். சொன்னபடி வயர்லெஸ் மைக்கில் கூப்பிடவும் செய்தார். நான் ஒரகடத்துக்கு ஓட்டினேன். கூட்டுரோட்டில் எங்கள் பத்திரிகைக்கு ஏஜென்ட் கபூர் பாய். பேப்பர் கட்டு அப்போதுதான் இறங்கியிருந்தது. விவரத்தைச் சொன்னேன். அவர் போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாட்டலன்னா வண்டி டிரைவர் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்புவான் சார். ஏஜென்சி பூடும்” என்றார். மாட்டினார். டிரைவர் படம் எடுத்துக்கொண்டு போனதும் கழற்றி, நான்காக மடித்து, கல்லாவுக்கு அடியில் போட்டுக்கொண்டார். “என்னால ஆனது இதான் சார். மீதிக் கடை என் கையில இல்ல.”

அந்த மடித்த போஸ்டரால் ஒரு பயனும் இருக்கவில்லை. எதிர்க்கடையில் தொங்கிய போஸ்டரை அதற்குள் யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். வீடியோவை நம்பாதவர்கள், பேப்பர்லயே வந்துவிட்டது என்று நம்பினார்கள். பேப்பரை நம்பாதவர்கள், வீடியோ இருக்கிறதே என்று நம்பினார்கள். ஒன்றுக்கு ஒன்று சாட்சி.

படப்பைக்கு வந்து சேர்ந்தபோது லைன் வீட்டுச் சந்தின் வாயில் கூட்டம் நின்றது. பட்டப்பகல். வாசல்களில் கழுவிப் பொட்டு வைத்த பைக்குகள். கூட்டத்தில் நின்றவர்களில் பாதிப்பேரை எனக்குப் பெயர், தகப்பன் பெயர், கதவு எண்ணோடு தெரியும். அது எனக்குத் தைரியம் தந்திருக்க வேண்டும். பயத்தைத்தான் தந்தது. தெரியாத முகங்களாக இருந்தால் வெளியூர்க் கும்பல் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

முன்னால் நின்றவன் முருகேசன். ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். நல்லவன், மழைநாளில் பள்ளிப் பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விடுகிறவன். அன்று சுக்ராமையும் பிங்கியையும் ஏற்றிக்கொண்டு வந்தது அவன் ஆட்டோதான். அதனால்தான் கூட்டத்துக்கு வீடு தெரிந்தது.

சுக்ராமும் பிங்கியும் கடைசி அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு இருந்தார்கள். சந்தின் குறுக்கே கோமதியக்கா தன் கிரைண்டரை இழுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் கிரைண்டருக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“நீங்க ஒதுங்குங்க சார்” என்றான் முருகேசன். “புள்ள தமிழ்ல கத்திகினு வந்துச்சு. என் காதால கேட்டேன். இந்திக்காரன் புள்ளைக்கு எப்டி தமிழ் வரும்?”

“என் வூட்டுச் சோத்தத் துன்னு வளந்தா தமிழ் வராம இன்னா ஜப்பான் பாஷையாடா வரும்?” என்றார் கோமதியக்கா.

யாரோ சிரித்தார்கள். முருகேசன்கூட லேசாகச் சிரித்தான். முடிந்துவிட்டது, கலைந்துவிடுவார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், “இந்தம்மாவும் கூட்டுதான்டா. வாடகைக்கு வுட்டு சம்பாரிக்குதுல்ல” என்றது. சிரிப்பு நின்றது.

கோமதியக்கா பிங்கியின் பிறப்புச் சான்றிதழை நீட்டினார். அது கைமாறிக் கைமாறிப் போனது. இதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் என்று ஒருவன் சொன்னான். சான்றிதழ் திரும்பி வரவில்லை. நான் என் அடையாள அட்டையைக் காட்டினேன். இந்தப் பத்திரிகைக்கு இந்த ஊர் நிருபர் நான், அந்தச் செய்தி பொய் என்றேன்.

ஒரு பையன் பேப்பரை விரித்துக் காட்டினான். செய்திக்குக் கீழே வழக்கம்போல “நமது நிருபர்” என்று போட்டிருந்தார்கள்.

“இது யாரு? நீதான?”

“நான்தான். ஆனா நான் எழுதல.”

“பேப்பர்ல உன் ஆளுங்கதான் போட்டிருக்காங்க, நீயே பொய்ன்ற. எதுக்கு நாங்க உன்ன நம்பணும்?”

இத்தனை வருடத் தொழிலில் அதைவிடச் சரியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“எனக்கும் பொண்ணு கீது சார்” என்றான் முருகேசன். அவன் நடிக்கவில்லை, உண்மையாகவே பயந்திருந்தான். சந்தில் இருந்த எல்லோருமே பயந்திருந்தார்கள். வேதமூர்த்தி சார் சொன்னது சரியாகிவிட்டது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

முதல் கல் ஆஸ்பெஸ்டாஸ் மேல் விழுந்தது. அடுத்தது இன்னும் பெரியது. கூரை உடைந்து உள்ளே கொட்டும் சத்தம் கேட்டது. உள்ளிருந்து அழுகைச் சத்தம் வரவில்லை. அதுதான் எங்களை மிகவும் பயமுறுத்தியது. கோமதியக்கா “பிங்கி, பிங்கி” என்று கத்தினார். பதில் இல்லை. யாரோ கிரைண்டரை எட்டி உதைத்தார்கள். திருஷ்டி கழிக்க வாங்கி வைத்திருந்த பூசணிக்காய் உருண்டு கூட்டத்தின் காலடியில் சிதறியது. நான் அதில் வழுக்கி விழுந்தேன். என் கைமேல் ஒருவன் மிதித்துக்கொண்டு போனான். நான் சாகப்போகிறேன் என்று நினைக்கவில்லை. அந்தக் கதவு திறந்ததும் நான் பார்க்கப்போவதை எப்படிச் செய்தியாகக் கொடுப்பேன் என்று நினைத்தேன். தொழில் மனிதனை அப்படி ஆக்கிவைத்திருந்தது.

அந்த நேரத்தில் போலீஸ் வேன் வந்தது. லத்தியோடு நான்கு பேர். கூட்டம் சந்தை விட்டு வெளியே நகர்ந்தது, கலையவில்லை. கடைசி அறையின் கதவை அவர்கள் திறக்க வைத்தார்கள். சுக்ராம் கட்டிலுக்கு அடியில் பெண்ணைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு கிடந்தான். அவள் வாயைக் கையால் பொத்தியிருந்தான். தமிழில் அழுதுவிடுவாள் என்று.

வெளியே கூட்டிக்கொண்டு வரும்போது, அவன் முகம் யாருக்கும் தெரியக் கூடாது, பின்னால் ஆபத்து என்று வேனில் வந்த ஏட்டு அவன் தலையில் ஒரு துண்டைப் போட்டு மூடினார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் முகத்தை மூடி வேனில் ஏற்றப்படுகிறவன் யார் என்று ஊருக்கே தெரியும். அதற்குக் காரணமே நாங்கள்தான், அப்படிப்பட்ட படங்களைத்தானே ஆண்டுக்கணக்காகப் போட்டு வந்தோம். பத்து இருபது போன்கள் உயர்ந்தன. பெண் போலீஸ் ஒருவர் பிங்கியைத் தனியாகத் தூக்கிக்கொண்டார். வாய் விடுபட்டதும் அவள் “பாபா, பாபா” என்று கத்தினாள். எனக்குத் தெரிந்து அவள் அவனுடைய பாஷையில் அழுதது அன்றுதான். கூட்டத்தில் ஒருத்தி, “அய்யோ, எப்டி மெரட்டிப் பழக்கி வெச்சிருக்கான் பாரு” என்றாள். வேன் நகர்வதற்குள் “கடத்தல்காரன் கைது, குழந்தை மீட்பு” என்று அடுத்த வீடியோ போய்விட்டது.

பிங்கியின் தாயை வீட்டுக்கு வர வேண்டாம் என்று போன் செய்து நேராக ஸ்டேஷனுக்கு வரச் சொன்னோம். அன்றே எல்லாம் தெளிவாகிவிட்டது. சுக்ராமின் காதுப்பக்கம் கூரைச் சில்லு கிழித்த காயம். இன்ஸ்பெக்டர் கையெடுத்துக் கும்பிட்டு, கொஞ்ச நாள் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார். ரயிலேற்றிவிட நானும் கோமதியக்காவும் போனோம். அக்கா பிளாட்பாரத்தில் பிங்கிக்கு ஒரு பை நிறையப் பொரி வாங்கிக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

விடுமுறை முடிந்து வேதமூர்த்தி சார் கூப்பிட்டார். மறுப்பு போட வேண்டும், விவரம் கொடுங்கள் என்றார். நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். “அதே பகுதியைச் சேர்ந்த தொழிலாளி” என்ற இடத்தில் நிறுத்தினார்.

“பேரு?”

“வேணாம் சார்.”

“தகப்பன் பேரு, கதவு எண் எல்லாம் இருந்தாத்தான தம்பி மறுப்புக்கு ஒரு மதிப்பு? யாருக்கு மறுப்புன்னு படிக்கிறவனுக்குத் தெரிய வேணாமா?”

அவர் சொன்னது சரி. அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அதுதான். பொய்யான செய்திக்கு இந்த நான்கில் ஒன்றும் தேவைப்படவில்லை, உண்மைக்கு மட்டும் நான்கையும் கேட்டார். கொடுத்தால், கல்லோடு வருகிறவனுக்குக் கதவு எண்ணையும் கையில் கொடுத்தது போல. கொடுக்காவிட்டால் மறுப்பை யாரும் நம்ப மாட்டார்கள். நான் கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் முறையாகத் தகப்பன் பெயர் இல்லாத செய்தியை எழுதினேன். நான்கு வரியாக உள்பக்கத்தில், ஒரு நகைக்கடை விளம்பரத்தின் ஓரத்தில் வந்தது. முருகேசனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு, “பேரே போடல, இது வேற ஆளா இருக்கும் சார்” என்றான்.

அந்த வாரத்தில் பக்கத்து லைன் வீடுகள் பலவும் காலியாகின. “வடமாநிலத் தொழிலாளர் வெளியேற்றம், கம்பெனிகள் தவிப்பு” என்று ஒரு போஸ்டர் வந்தது. அதற்கு என்னிடம்தான் செய்தி கேட்டார்கள். ராஜினாமாக் கடிதத்தை அனுப்பினேன். வேதமூர்த்தி சார் வழக்கம்போல அமைதியாக, “யோசிச்சீங்களா தம்பி?” என்றார். யோசித்தேன் சார் என்றேன். அவரோடு பிறகு பேசவில்லை.

இளைய நிருபர்களுக்கு நான் சொல்வது என்ன என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை என்பதே உண்மை. நான்கு விவரமும் கேளுங்கள். அவற்றை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து நடக்க வழி உண்டா என்று நான் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் படம் இன்னும் சுற்றுகிறது. ஊர்ப் பெயர் மட்டும் மாறுகிறது. சென்ற மாதம் என் தங்கை குடும்பக் குழுவில் அதைப் போட்டு எச்சரித்திருந்தாள். இது பொய், அந்தக் குழந்தையை எனக்குத் தெரியும் என்று எழுதினேன். “எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானே அண்ணா” என்று பதில் வந்தது.

சுக்ராம் திரும்பி வந்துவிட்டான். ஊரில் வேலை இல்லை. இப்போது குடியிருப்பது வேறு தெருவில். எந்தத் தெரு என்று எழுத மாட்டேன். பிங்கி பள்ளிக்குப் போகிறாள், கோமதியக்காவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அக்கா வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு தமிழ் பேசுவாளாம், பழையபடி வாய் ஓயாதாம்.

போன வாரம் ஒரகடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தேன். எதிர் இருக்கையில் சுக்ராமும் பிங்கியும் இருந்தார்கள். நல்ல கூட்டம். ஓட்டியது முருகேசன். “பாப்பா, உள்ள தள்ளி ஒக்காரும்மா” என்று அன்பாகத்தான் சொன்னான். யார் என்று அவனுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பிங்கி என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. ஒரு வேகத்தடையில் ஆட்டோ தூக்கிப்போட்டபோது, பக்கத்தில் இருந்தவரின் இரும்புப் பெட்டி நகர்ந்து, அதற்கும் கம்பிக்கும் நடுவில் அவள் விரல் சிக்கியது. நகம் உடனே கருத்தது. கண்ணில் நீர் நிறைந்தது.

சுக்ராம் முதலில் விரலைப் பார்க்கவில்லை. ஆட்டோவில் இருந்த எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் பெட்டியை நகர்த்தி விரலை எடுத்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படப்பை வரும்வரை, எந்த பாஷையிலும், அவள் அழவில்லை.